முதல் யார் போட்டது?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. லைபீரியாவைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் பெரும்பாலானவர்கள் கேட்டது ஒன்றேதான்: அடிமைத்தளையிலிருந்து மீண்ட சனங்கள் போன இடத்தில் எப்படி எசமானர்களாக மாறினார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கிறவர்களுக்குப் பதில் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, நான் ஆமோதிக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்கிறார்கள். நீங்கள் போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை நடத்துகிறவர். அதனால் உங்களுக்கு வேறொன்று உறுத்தியிருக்கிறது. "கப்பலை விட்டு இறங்கியவன் பத்து வருஷத்தில் கிட்டங்கி கட்டினான் என்று எழுதுகிறீர்கள். முதல் யார் போட்டது? சரக்கைக் கடனுக்குக் கொடுத்தது யார்? அதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டீர்களே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாண்டித்தான் போனேன், பக்கம் போதவில்லை. இப்போது சாவகாசமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். லைபீரியாவில் பெரிய வியாபாரிகளாக ஆன முதல் தலைமுறையில் பலர், தோட்டத்துச் சாட்டையடியிலிருந்து நேரே கப்பலேறி வந்தவர்கள் அல்ல. பிறவியிலேயே சுதந்திரமானவர்களாகவோ, எப்போதோ தங்களை விலைக்கு மீட்டுக்கொண்டவர்களாகவோ இருந்தார்கள். அமெரிக்கத் துறைமுக ஊர்களில் முடிதிருத்தகம், படகு, பாய்மரத் தையல், சேணம் என்று ஏதோ ஒரு தொழில் அவர்களுக்கு இருந்தது. கணக்கு எழுதத் தெரிந்திருந்தது. யாரிடம் போனால் சரக்கு கிடைக்கும் என்பதும் தெரிந்திருந்தது. கடையை ஆப்பிரிக்கா கொடுக்கவில்லை, அவர்களே பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

அவர்களை அனுப்பியது அமெரிக்கக் குடியேற்றச் சங்கம். 1816 டிசம்பரில் வாஷிங்டனில் ஆரம்பித்தது. அதன் முதல் தலைவர் புஷ்ராட் வாஷிங்டன். ஜார்ஜ் வாஷிங்டனுடைய தம்பி மகன், உச்ச நீதிமன்ற நீதிபதி, சொந்தமாக அடிமைகளை வைத்திருந்தவர். இந்த ஒரு மனிதரைப் பார்த்தாலே சங்கத்தின் லட்சணம் புரிந்துவிடும். அடிமைமுறை மெல்ல ஒழியட்டும் என்று மனதார நினைத்தவர்களும் அதில் இருந்தார்கள். சுதந்திரமான கறுப்பர்கள் கண்ணெதிரே நடமாடினால் தங்கள் அடிமைகளுக்கும் ஆசை வந்துவிடும், அதனால் அவர்களைக் கடல் கடத்திவிடுவோம் என்று கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். கறுப்பர்களில் பெரும்பாலோர் இதைச் சட்டென்று மோப்பம் பிடித்துவிட்டார்கள். 1817 ஜனவரியில் பிலடெல்பியாவின் பெத்தேல் தேவாலயத்தில் சுமார் 3,000 பேர் கூடி, போகமாட்டோம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ஜேம்ஸ் ஃபோர்ட்டன். கப்பல்களுக்குப் பாய் தைத்துக் கொடுத்துப் பெரும் பணம் சேர்த்த கறுப்பு முதலாளி. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1820-ல் 'எலிசபெத்' என்ற கப்பலில் 80-க்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். ஷெர்ப்ரோ தீவின் சதுப்பில் இறங்கியவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. கூடவந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் மெசுராடோ முனையில் நிலம் வாங்க அமெரிக்கக் கடற்படையின் லெஃப்டினன்ட் ராபர்ட் ஸ்டாக்டனும் சங்கத்தின் பிரதிநிதி டாக்டர் எலி அயர்சும் போனார்கள். அந்தக் கரையின் தலைவர்களில் மூத்தவரை வெள்ளையர்கள் பீட்டர் ராஜா என்பார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது ஸ்டாக்டன் கைத்துப்பாக்கியை எடுத்து அவர் தலைக்கு நேரே பிடித்தார். அதன் பிறகு விலை படிந்தது. விலை என்ன தெரியுமா? ஆறு துப்பாக்கி, ஒரு பெட்டி பாசிமணி, இரண்டு பீப்பாய் புகையிலை, ஒரு பீப்பாய் வெடிமருந்து, ஆறு இரும்புப் பாளம், பத்து இரும்புச் சட்டி, ஒரு டஜன் கத்தியும் முள்கரண்டியும், நாலு தொப்பி, மூன்று ஜோடி செருப்பு, இருபது முகம் பார்க்கும் கண்ணாடி, நாலு குடை, ஒரு பெட்டி சோப்பு, ஒரு பீப்பாய் ரம், ஆறு துண்டு நீலத் துணி... எல்லாம் சேர்த்து 300 டாலர் மதிப்பு தேறும் என்பார்கள்.

அந்த நீலத் துணி என் கண்ணில் படாமல் போகவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் நீலச் சாயத் துணிக்கு அன்றைக்கு அப்படி ஒரு கிராக்கி. அதே நூற்றாண்டில் புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் செனகலுக்குக் கொண்டுபோய் வேலம்பிசினுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பீட்டர் ராஜாவின் கைக்கு வந்த ஆறு துண்டும் எந்தத் தறியில் நெய்ததோ! ஆனால் அந்த நீலத்தின்மேல் அங்கே ஒரு மோகத்தை உண்டாக்கியதில் நம் சோழமண்டலக் கரைக்கும் பங்கு உண்டு.

ஆக, அந்தப் பட்டியலே ஒரு கடைச் சிட்டை. ஊர் உருவாகும் முன்பே அந்த ஊரில் என்ன விற்கும் என்பது எழுதியாகிவிட்டது. 1822-ல் குடியேறினார்கள். 1824-ல் ஊருக்கு அமெரிக்க ஜனாதிபதி மன்றோவின் பெயரால் மன்றோவியா என்று பெயரானது.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன்.

பிரான்சிஸ் டெவனி என்று ஒருவர். தென் கரோலினாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பிலடெல்பியாவில் பாய் தைத்துப் பிழைத்தார். யாரிடம்? மேலே சொன்ன ஃபோர்ட்டனிடம். முதலாளி 'ஆப்பிரிக்காவுக்குப் போகாதே' என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மனிதர், தொழிலாளியோ கப்பலேறிவிட்டார். மன்றோவியாவில் வியாபாரம் செய்து, ஊரின் ஷெரீப்பாகவும் ஆனார். 1830-ல் அமெரிக்கா திரும்பிவந்து நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொன்னபோது தன் சொத்து 20,000 டாலர் அளவில் இருக்கும் என்றார். வந்து ஏழெட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. சங்கத்துக்காரர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? ஊர் ஊராக இந்தக் கணக்கைச் சொன்னார்கள்.

இதைவிடத் தெளிவான கதை ஜோசப் ஜென்கின்ஸ் ராபர்ட்சுடையது. 1809-ல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பிறந்தவர். பிறவியிலேயே சுதந்திரமானவர். குடும்பத்துக்கு ஆற்றில் சரக்குப் படகுத் தொழில். பீட்டர்ஸ்பர்க்கில் வில்லியம் கோல்சன் என்பவரின் முடிதிருத்தகத்திலும் வேலை பார்த்தார். இருபதாவது வயதில், 1829-ல், விதவைத் தாயையும் உடன்பிறந்தவர்களையும் கூட்டிக்கொண்டு மன்றோவியா வந்து சேர்ந்தார். கோல்சன் பீட்டர்ஸ்பர்க்கிலேயே தங்கிவிட்டார். இரண்டு பேரும் கூட்டாளிகள். நிறுவனத்தின் பெயர் ராபர்ட்ஸ், கோல்சன் அண்ட் கம்பெனி. அங்கே இருக்கிறவர் அமெரிக்கச் சரக்கை வாங்கி ஏற்றிவிட வேண்டும். இங்கே இருக்கிறவர் அதை விற்று, பதிலுக்குப் பாமாயில், கேம்வுட் என்ற சிவப்புச் சாயமரம், தந்தம் இவற்றைச் சேர்த்துத் திருப்பியனுப்ப வேண்டும். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் நம்பிக்கையான ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பதுதான் அந்தக் கம்பெனியின் உண்மையான முதலீடு. காரைக்குடிப் பெட்டியடிகளையும் ரங்கூன் கிட்டங்கிகளையும் பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 1835-ல் கோல்சனும் மன்றோவியா வந்தார். வந்த கொஞ்ச காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார்.

இந்தக் காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1843-ல் எடுத்த கணக்கின்படி, அதுவரை வந்து இறங்கியவர்கள் 4,571 பேர். அந்த ஆண்டு அங்கே உயிரோடு இருந்தவர்கள் 1,819 பேர். சிலர் திரும்பிப் போயிருந்தார்கள், சிலர் வேறு ஊர்களுக்கு நகர்ந்திருந்தார்கள். மீதியில் பெரும்பகுதி மண்ணுக்குள் போயிருந்தது. மலேரியா. மூதாதையர் ஆப்பிரிக்கர் என்பதால் பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஒன்றும் செய்யாது என்று சங்கத்தில் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் விலையைச் சங்கத்துக்காரர்கள் கொடுக்கவில்லை.

வியாபாரத்துக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. மன்றோவியாவில் அன்று துறைமுகமே கிடையாது. மெசுராடோ ஆற்றின் வாயில் மணல்திட்டு. கப்பல் வெளியே ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். குரூ இனத்துப் படகோட்டிகள் அலையைப் பிளந்துகொண்டு போய்ச் சரக்கை இறக்கிவருவார்கள். (ஒழுங்கான துறைமுகம் கட்டி முடிக்க 1948 வரை ஆனது.) நியூயார்க்கிலிருந்தோ பால்டிமோரிலிருந்தோ வந்த கேப்டனுக்கு அங்கே நாள்கணக்கில் காத்திருக்க மனமில்லை. நிற்கிற ஒவ்வொரு நாளும் மாலுமி ஒருவன் படுக்கையில் விழலாம். கரையோரம் ஊர் ஊராகப் போய்ப் பத்துப் படி எண்ணெய், நாலு கட்டை சாயமரம் என்று சேர்க்க அவனால் ஆகாது. ஏற்கெனவே சேர்த்து, அளந்து, பீப்பாயில் அடைத்து, கிட்டங்கியில் தயாராக வைத்திருக்கும் ஆள் வேண்டும். அதற்காக மொத்தச் சரக்கையும் கொஞ்சம் விலை குறைத்துக் கொடுக்கவும், தவணை சொல்லவும் அவன் தயார். காய்ச்சலைத் தாண்டிப் பிழைத்துக் கிடந்த உள்ளூர்க்காரருக்கு அந்த உடம்பே பாதி முதல். நீங்கள் செய்கிற கமிஷன் வியாபாரம்தான் அங்கேயும் நடந்தது. விளைவிப்பவனுக்கும் கப்பலுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது.

உள்ளே போகும் கடன் இன்னொரு விதம். வியாபாரி தன் ஆளிடமோ உள்நாட்டுத் தரகரிடமோ துணி, உப்பு, வெடிமருந்து, புகையிலை ஆகியவற்றை முன்கூட்டியே கொடுத்துவிடுவார். எழுத்துமில்லை, ஈடுமில்லை. அவன் மாதக்கணக்கில் காட்டுக்குள் போய், தலைச்சுமையாகச் சரக்கோடு திரும்பிவருவான், வராமலும் போவான். ரொக்கம் அபூர்வம். புகையிலை இலைக்கட்டே சில்லறைக் காசு. இலையின் விலை, துணியின் விலை, எண்ணெயின் விலை எல்லாம் வியாபாரியின் வாயில் இருப்பதால் கொடுக்கும்போதும் லாபம், வாங்கும்போதும் லாபம். ஆனால் பாதை திறந்திருக்க வேண்டும். உள்நாட்டில் போப்போலு என்ற ஊரை ஆண்ட சாவோ போசோ, வெள்ளையர் வாயில் போட்ஸ்வைன் ராஜா, அந்தப் பாதைகளைக் கையில் வைத்திருந்தார். 1822-ல் குடியேறியவர்களை விரட்டிவிடப் பார்த்த கரையோரத் தலைவர்களை அதட்டி அடக்கியவரும் அவரே. அவருக்கும் கடற்கரையில் ஒரு கடை தேவைப்பட்டது. 1836-ல் அவர் செத்த பிறகு உள்ளே சண்டை மூண்டது, பாதை அடைபட்டது, மன்றோவியாக் கடைகளில் சாயமரமும் தந்தமும் குறைந்துபோயின. வியாபாரிகள் தங்கள் சாமர்த்தியத்தால் வாழ்ந்ததாக எழுதிக்கொண்டார்கள். பாதி வாழ்வு ஓர் ஆப்பிரிக்க அரசனின் தயவு.

புகையிலைக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கதையில் மிகவும் தைக்கிற பொருள் அதுதான். லாட் கேரி என்ற பாப்டிஸ்ட் போதகர் 1821-ல் வந்தவர். அதற்கு முன் வர்ஜீனியாவில் ரிச்மண்ட் புகையிலைக் கிட்டங்கியில் அடிமைத் தொழிலாளி. எந்தப் பீப்பாய் யாருடையது, எங்கே இருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பாராம். சிந்திய, கழித்த இலைகளைச் சேர்த்து விற்றுக்கொள்ள அவரை விட்டார்கள். அந்தக் காசையும் வியாபாரிகள் கொடுத்த இனாமையும் சேர்த்து 1813-ல் 850 டாலருக்குத் தன்னையும் தன் இரண்டு பிள்ளைகளையும் மீட்டார். கழிவுப் புகையிலையில் விடுதலை வாங்கிய மனிதர் வந்து சேர்ந்த ஊரில் புகையிலைதான் காசு. அந்தப் புகையிலையை விளைவித்தவர்களில் இன்னும் மீட்கப்படாத அவருடைய சனங்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பீப்பாயும் மன்றோவியாவில் லாபத்துக்கு விற்றபோது வர்ஜீனியாவின் தோட்டக்காரனுக்கும் ஒரு பங்கு போனது. இதை அந்த வியாபாரிகள் யோசிக்காமல் இருந்திருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். யோசித்தும் விற்றார்கள். விற்காமல் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை.

"அடிமை வியாபாரிகளோடு கொடுக்கல் வாங்கல் உண்டா?" என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். சட்டப்படி கூடாது. ஆனால் கரையில் வடக்கேயும் தெற்கேயும் ஸ்பானிய அடிமை வியாபாரிகளின் கொட்டாரங்கள் இருந்தன. காலினாசில் பெட்ரோ பிளாங்கோ கோலோச்சினான். துணியும் வெடிமருந்தும் வாங்குகிறவன் அதை எதற்கு மாற்றப்போகிறான் என்று கேட்டு விற்ற கடைக்காரர் உலகத்தில் எத்தனை பேர்? குடியேறிகள் சிலர்மேல் அப்போதே புகார் எழுந்தது. லாட் கேரியின் முடிவும் இதோடு ஒட்டியதுதான். 1828-ல் மன்றோவியாவுக்கு வடக்கே டிக்பி என்ற இடத்தில் இருந்த காலனியின் வியாபாரச் சாவடியைச் சுற்றுவட்டாரத்து ஆட்கள் சூறையாடினார்கள். அந்தக் கட்டடத்தில் ஓர் அடிமை வியாபாரி தன் சரக்கை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். நியாயம் கேட்டுக் கேரி அனுப்பிய கடிதத்தை வழியிலேயே பிடுங்கிக் கிழித்தார்கள். அவர் அப்போது காலனியின் தற்காலிக நிர்வாகி, சண்டைக்குத் தயாரானார். தோட்டாக்களுக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் மெழுகுவத்தி சாய்ந்து எல்லாம் வெடித்தது. இரண்டு நாளில் இறந்தார். உடனிருந்தவர்களும் பிழைக்கவில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கையில் பணமிருந்தும் வியாபாரி ஆகாதவர், பணமே இல்லாமல் வந்தவர், இரண்டு பேருமே உண்டு. லூயிஸ் ஷெரிடன் வட கரோலினாவில் பெரிய கடைகள் நடத்தியவர். பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் கொள்முதல் செய்தவர். ஒரு காலத்தில் தானே அடிமைகளை வைத்திருந்த கறுப்பர். அமெரிக்கத் தெற்கில் சுதந்திரக் கறுப்பர்மேல் கெடுபிடி முற்றியபோது, 1830-களின் கடைசியில், கப்பலேறி லைபீரியாவின் பாசா பகுதிக்கு வந்தார். வெள்ளைக்கார நிர்வாகிகளுக்கு வரம்பில்லாத அதிகாரம் கொடுக்கும் சாசனத்துக்குச் சத்தியம் செய்ய மறுத்தார். ஆற்றோரம் 600 ஏக்கர் குத்தகைக்கு எடுத்து விவசாயத்தில் இறங்கினார். 1844-ல் மறைந்தார். பெய்ட்டன் ஸ்கிப்வித் கல்தச்சர். வர்ஜீனியாவின் ஜான் ஹார்ட்வெல் காக் என்ற பண்ணையார் விடுதலை செய்து அனுப்பிய குடும்பத் தலைவர். 1833-ல் வந்தார். வந்த சிறிது காலத்தில் மனைவியைப் பறிகொடுத்தார். பழைய எசமானுக்கு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். நலம் விசாரிப்பு, இறந்தவர் பட்டியல், அதோடு அனுப்பி உதவும்படி பொருள்களைக் கேட்டு விண்ணப்பம். சங்கம் ஆறு மாதம்தான் சோறு போடும். அதற்குப் பிறகு ஆணியிலிருந்து மாவு வரை எல்லாமே கடையில்தான். கடை யாருடையது என்பதைத்தான் மேலே பார்த்தோமே. எழுதப் படிக்கத் தெரிந்த கைத்தொழிலாளியின் நிலையே இப்படி என்றால் தோட்டத்திலிருந்து நேரே வந்தவர்களின் நிலையை ஊகித்துக்கொள்ளுங்கள். கூலிக்குப் போனார்கள், கடன்பட்டார்கள். நீங்கள் கேட்ட 'வெறுங்கையோடு இறங்கியவன்' இவர்களில்தான் இருந்தான். கிட்டங்கி அவன் பெயரில் இல்லை.

'ஏன் எல்லாரும் கடைக்கே போகிறார்கள், மண்வெட்டியைத் தொடமாட்டேன் என்கிறார்கள்' என்று சங்கத்துக்காரர்கள் ஓயாமல் புலம்பினார்கள். விவசாயத்தில் பெருமை பேசுவது மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சுலபம். ஏரில் பூட்டிய மாடும் குதிரையும் அங்கே நோய்ப்பட்டுச் செத்தன. அரிசியை உள்ளூர் மக்களிடமே மலிவாக வாங்க முடிந்தது. காப்பி காய்க்க வருஷங்கள் ஆகும். அதுவரை சாப்பாடு? வர்ஜீனியாவிலும் கரோலினாவிலும் குனிந்து நிமிர்ந்த முதுகுக்கு மறுபடி குனிய மனம் வராமல் போனதில் என்ன ஆச்சரியம்? பிற்பாடு செயின்ட் பால் ஆற்றங்கரையில் கரும்பும் காப்பியும் போட்டவர்களில் பலர் கடையில் சம்பாதித்த பணத்தைத்தான் மண்ணில் கொட்டினார்கள்.

இப்போது சுங்கம். லைபீரியா ஏன் தனி நாடானது என்று கேட்டால் பள்ளிப் புத்தகத்தில் சுதந்திர தாகம் என்று இருக்கும். தாகம் இருந்தது. ஆனால் தண்ணீர்ப் பந்தல் சுங்கச் சாவடியில் இருந்தது. காலனிக்கு வருமானமே இறக்குமதித் தீர்வைதான். சியரா லியோனைச் சேர்ந்த ஆங்கிலேய வியாபாரிகள், 'நீங்கள் நாடா? ஒரு தரும சங்கம். சங்கத்துக்கு எதற்குச் சுங்கம்?' என்று கட்ட மறுத்தார்கள். பிரிட்டன் அமெரிக்காவைக் கேட்டது. அது எங்கள் காலனி இல்லை என்று அமெரிக்கா கைகழுவிவிட்டது. 1845-ல் பாசா கோவ் துறையில் தீர்வை கட்டாத 'லிட்டில் பென்' என்ற பிரிட்டிஷ் கப்பலை அதிகாரிகள் பிடித்தார்கள். பதிலுக்குப் பிரிட்டிஷ் தரப்பு 'ஜான் சேஸ்' என்ற கப்பலைக் கைப்பற்றிக்கொண்டு போனது. அதன் சொந்தக்காரர் ஸ்டீபன் ஆலன் பென்சன். அவரும் வியாபாரிதான், ஆறு வயதுப் பையனாக மேரிலாந்திலிருந்து பெற்றோருடன் வந்தவர், பின்னாளில் நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி. ஒரு வியாபாரியின் கப்பல் போனதும் எல்லா வியாபாரிக்கும் ஒன்று உறைத்தது: நாடு என்று பெயர் இல்லாவிட்டால் நம் சரக்குக்கே பாதுகாப்பில்லை.

1847 ஜூலை 26-ல் சுதந்திரப் பிரகடனம். அதை எழுதியவர் ஹிலரி டீக். பத்திரிகை ஆசிரியர், போதகர், கூடவே வியாபாரி. லாட் கேரியோடு ஒரே கப்பலில் வந்த சேணத் தொழிலாளி காலின் டீக்கின் மகன். முதல் ஜனாதிபதி ராபர்ட்ஸ். 1848-ல் அவர் லண்டன் போனார், பிரிட்டன் அங்கீகரித்தது. அமெரிக்காவுக்கு அதற்கு 1862 வரை ஆனது. வாஷிங்டனில் ஒரு கறுப்புத் தூதரை வரவேற்கத் தென் மாநிலத்துக்காரர்கள் விடவில்லை. அவர்கள் பிரிந்து போன பிறகுதான் முடிந்தது.

அந்தக் குடியரசில் கறுப்பர்கள் மட்டுமே குடிமக்கள், குடிமக்கள் மட்டுமே நிலம் வாங்கலாம். வெள்ளைக்காரனை வாசலிலேயே நிறுத்தும் ஏற்பாடு. 1860-களில் அந்நிய வியாபாரிகள் ஆறு துறைமுக ஊர்களில் மட்டும் கடை போடலாம் என்று சட்டம் வந்தது. உள்நாட்டுக்கும் கப்பலுக்கும் நடுவில் இருக்கும் நாற்காலியை லைபீரியக் கடைக்காரருக்கே ஒதுக்கிய சட்டம் அது. அந்த நாற்காலிக்கு அடியில் இருந்தவர்கள் தெய், பாசா, குரூ, வாய், கோலா மக்கள்: மரம் வெட்டி, எண்ணெய் காய்ச்சி, படகு தள்ளியவர்கள். நாட்டில் பெரும்பான்மை அவர்கள். குடியுரிமை அவர்களுக்கு வர 1904 ஆனது. மற்ற வாசகர்கள் கேட்ட அந்த 'முரண்' இதில் இருக்கிறது. ஆனால் எசமான் வேஷத்தின் மீது வந்த ஆசை என்று மட்டும் அதைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். தரகுக்காரனுக்கு, விளைவிப்பவனும் கப்பல்காரனும் நேருக்கு நேர் சந்திக்காமல் இருக்க வேண்டும். நாட்டின் சட்டமே அதைப் பார்த்துக்கொண்டது.

1850-கள் அந்த வியாபாரிகளுடைய நல்ல காலம். பால்டிமோரிலிருந்து வந்த மெக்கில் சகோதரர்களின் கம்பெனிதான் மன்றோவியாவில் பெரிய கை. சகோதரர்களில் சாமுவேல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் மருத்துவம் முடித்தவர். யூரியாஸ் மெக்கிலை அகஸ்டஸ் வாஷிங்டன் எடுத்த டாகுவேரோடைப் படம் இன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள். அந்தப் படக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. ஹார்ட்ஃபோர்டில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அடிமைமுறைக்கு எதிராக ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனைப் படமெடுத்தவர். 1853-ல் லைபீரியாவுக்குக் கிளம்பி வந்து, படம் எடுத்தே பணம் சேர்த்து, அதைக் கடையிலும் கரும்பிலும் போட்டு, நாடாளுமன்ற சபாநாயகரும் ஆனார்.

கடைசியாக எட்வர்ட் ஜேம்ஸ் ராய். ஒஹாயோவில் வசதியான வீட்டில் பிறந்தவர், கல்லூரியில் படித்தவர், இண்டியானாவின் டெர்ரே ஹோட் ஊரில் குளியலகம் நடத்திக் காசு சேர்த்தவர். 1846-ல் வந்தார். நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். சொந்தக் கப்பலில் லைபீரியக் கொடி பறக்க அயல்துறைகளுக்குச் சரக்கு அனுப்பினார். 1870-ல் ஜனாதிபதி. அதற்குள் காலம் மாறியிருந்தது. 1850-களிலேயே லிவர்பூலிலிருந்து நீராவிக் கப்பல்கள் நாள் தவறாமல் வரத் தொடங்கிவிட்டன. பாய்மரக் கப்பலைப்போல் யாரையும் எதிர்பார்த்து நிற்க அவற்றுக்கு அவசியமில்லை. ஐரோப்பியக் கம்பெனிகள் தங்கள் சொந்த ஆட்களையே கரையில் உட்காரவைத்தன. ரசாயனச் சாயம் வந்ததும் சாயமரத்தைக் கேட்பாரில்லை. பாமாயில் விலையும் சரிந்தது.

ராய் செய்தது ஒரு வியாபாரி செய்யக்கூடியதுதான். உள்நாட்டுக்குச் சாலை போட, பள்ளிக்கூடம் கட்டப் பணம் வேண்டும். 1871-ல் லண்டனில் கடன் வாங்கச் சொன்னார். கடன் 1,00,000 பவுண்டு. வட்டி 7 சதவீதம். பத்திரம் 30 சதவீதத் தள்ளுபடியில் போனது, ஆக 70,000. அதிலும் மூன்று வருஷ வட்டி முன்கூட்டியே பிடித்தம். பேப்பரில் நிற்பது 49,000. எழுதிக்கொடுத்ததோ முழு லட்சத்துக்கு. அந்த 49,000-மும் முழுதாக மன்றோவியா வந்து சேரவில்லை. தரகு, செலவு, தாறுமாறான விலையில் பில் போட்ட சரக்கு என்று கரைந்தது. ஊர் கொதித்தது. பதவிக்காலத்தை நீட்டிக்கொள்ளப் பார்க்கிறார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. 1871 அக்டோபரில் கவிழ்த்துச் சிறைவைத்தார்கள். அடுத்த பிப்ரவரியில், ஆங்கிலக் கப்பல் ஒன்றுக்குத் தப்பிப்போக முயன்று கடலில் மூழ்கினார் என்பது பரவலான கதை. வேறு விதமாகவும் சொல்வார்கள். வயதான ராபர்ட்ஸ் மறுபடி ஜனாதிபதியாக வந்து, 1876-ல் இறந்தார்.

மூன்றே வருஷத்தில் வட்டி தவறியது. நிலுவை குட்டி போட்டுப் பெருகியது. 1906-ல் லண்டனில் இன்னொரு கடன். இரண்டையும் சேர்த்து அடைக்க 1912-ல் 17 லட்சம் டாலருக்கு மூன்றாவது கடன். இந்த மூன்றாவதற்கு ஈடு வைத்தது சுங்க வருமானத்தை. அமெரிக்கர் ஒருவர் தலைமையில், பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் அதிகாரிகள் உட்கார்ந்து லைபீரியத் துறைமுகங்களில் தீர்வையை வசூலித்துக் கடன்காரர்களுக்கு முதலில் எடுத்துக்கொண்டார்கள். அந்த வசூல் ஏற்பாட்டுக்கு ஆகும் செலவும் லைபீரியா தலையில்தான்.

ஃபயர்ஸ்டோன் ரப்பர்க் கம்பெனி 1926-ல் ஏக்கர் 6 சென்ட் வீதம் 99 வருஷத்துக்குப் பத்து லட்சம் ஏக்கர் பேசிமுடித்த கதையையும் கேட்டிருந்தீர்கள். அது வேறொரு கணக்குப் புத்தகம்; தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்